புகைவண்டி நிலையமும் பழங்கற்படியும்

பழைய கட்டடம் ஒன்றைச் செப்பனிடுதல் பொறியாளர்க்குரிய தொழில். தமிழாய்வு இதழில் அதற்கு இடம் யாது என வினவுவார் உளராகலாம். வினா தக்கதே. ஆயினும் சிதைந்த ஒன்றை முன்னிருந்தவாறு நிறுத்துதல் என்னும் செயல் கட்டடத்திற்கு மட்டும் உரியதன்று. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவரும் அதனையே செய்கின்றார். செங்கற்றளியைக் கற்றளியாக மாற்றிய செம்பியன் மாதேவியாரும் அதனையே செய்தார். எதனைக் காப்பது, எதனை நீக்குவது, புதிதாகச் சேர்த்ததை எவ்வாறு குறித்து வைப்பது என்னும் மூன்று வினாக்களும் இவர்கள் எல்லார்க்கும் பொதுவானவை. மூன்றாவது வினாவையே யாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். அதற்கு மரத்தாலான புகைவண்டி நிலையத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. கல் பொறுத்திருக்கும், மரம் பொறுத்திராது. மரக் கட்டடம் நிலைபெற வேண்டுமாயின் அதன் உறுப்புகள் மாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். அதுவும் நாள்தோறும் மக்கள் வந்துபோகும் நிலையமாயின், அதனைப் பூட்டிவைத்துவிட்டு ஆர அமர எண்ணிச் செய்ய இயலாது.

சென்னையிலிருந்தே தொடங்குவோம். எழும்பூர் நிலையம் 1908ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அமைப்பைப் பெங்களூர்ச் சாமிநாத பிள்ளை என்னும் ஒப்பந்தகாரர் கட்டி முடித்தார். செலவு ஏறத்தாழ 17 இலட்சம் ரூபாய். தென்னிந்திய இரயில்வேயின் தலைவாயிலாக விளங்கிய அந்நிலையத்தில் தென்பாண்டி நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் சென்னைக்கு வந்திறங்கியோர் தொகை கணக்கில் அடங்காது. மயிலையிலும் தியாகராய நகரிலும் இன்று வாழும் குடும்பங்கள் பலவற்றின் சென்னை வாழ்வு அம்மேடையில்தான் தொடங்கிற்று எனின் மிகையன்று. 2022ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இந்நிலையத்தின் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 735 கோடி ரூபாய். பழைய முகப்புக் கட்டடத்தை நிறுத்திக்கொண்டு புதிய கட்டடங்களை எழுப்புவது திட்டம். பணி 2025ஆம் ஆண்டிலும் நடந்தது. வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

எழும்பூர் மரக் கட்டடம் அன்று. செங்கல்லும் கருங்கல்லும் எஃகும் அங்கே முதன்மை பெற்றவை, மரம் துணைப்பொருளே. ஆயினும் அதற்கு அரை நூற்றாண்டு முற்பட்ட சென்னையில் மரமின்றிப் பெரிய கட்டடமே இல்லை எனலாம். சென்னைப் பொறியாளர் 'மெட்ராஸ் டெரஸ்' எனப் பெயர் பெறச் செய்த மட்டப்பாத் தளத்தை நினைவுகூர்க. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை இட்டு, அவற்றின்மேல் சட்டங்களை நெருங்கப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வரிசையில் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையிற் பதிப்பர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு நெடுநேரம் இடித்து இறுக்குவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. மேலே தட்டோடு பதித்துவிட்டால் தளம் முடிந்தது. இருநூறு ஆண்டு நின்ற தளங்களும் உள. காரையில் ஒரு வெடிப்பு நேர்ந்து மழைநீர் இறங்கிவிட்டால் முதலிற் கெடுவது சுவருக்குள் புதைந்த உத்திரத்தின் தலை. நடுவிலே தட்டிப் பார்த்தால் மரம் கணீரென ஒலிக்கும். கண்ணுக்குப் புலனாகாத தலை மட்டும் உளுத்துக் கிடக்கும். ஈரம் கண்ட இடத்திற்குக் கறையான் வழி கேட்டு வருவதில்லை.

தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி நிலையமாகிய இராயபுரம் 1856ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் திறந்துவைக்கப்பெற்றது. சூலை முதல் நாள் அங்கிருந்து புறப்பட்ட வண்டி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று வாலாஜா சாலையில் நின்றது. இந்தியாவில் அதற்கு மூன்றாண்டு முந்திய பம்பாய், தாணே நிலையங்களின் முதற் கட்டடங்கள் மறைந்தன, இராயபுரம் நின்றது. 1922இல் இரயில்வேயின் தலைமையிடம் சென்ட்ரலை அடுத்த புதிய மாளிகைக்குப் பெயர்ந்தபின் இராயபுரம் பெருமை குன்றிச் சீர்கெட்டது. 2005ஆம் ஆண்டு செப்பனிடப்பெற்று அக்டோபர் 2ஆம் நாள் மீண்டும் திறந்துவைக்கப்பெற்றது.

இராயபுரம் திறந்த அதே 1856ஆம் ஆண்டின் இறுதியில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. இருப்புப்பாதை வரலாற்றில் அதனைச் சேர்த்து எழுதுவார் சிலரே. சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஹியூ கிளெகார்ன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தின் காடுகளைக் காக்கும் அலுவலராக அமர்த்தப்பெற்றார். இருப்புப்பாதைக்கு வேண்டிய சிலிப்பர்க் கட்டைகளும், கட்டடத்திற்கும் கப்பலுக்கும் வேண்டிய தேக்கும் காடுகளை விரைந்து தின்றுகொண்டிருந்தன. அவர் 1861இல் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய நூலைப் படிப்போர், இருப்புப்பாதையின் மர வேட்கை அக்காலத்தவரை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதை உணர்வர். அதற்கும் முன்னரே, 1840களில், மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வைக்கத் தொடங்கியிருந்தார். வெட்டிய தேக்கிற்கு ஈடு வளர ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் செல்லும். ஆகவே பழங் கட்டடத்தில் நிற்கும் தேக்கு உத்திரம் ஒன்று கட்டடத்தின் உறுப்பு மட்டும் அன்று. மறைந்துபோன காட்டின் எச்சமும் ஆகும். அதனைக் கழற்றி எறிந்துவிட்டு எஃகு இட்டோர் தேக்கைத்தான் எறிந்தோம் என்று கருதியிருப்பர். எந்தக் காட்டுத் தேக்கு, எப்பொழுது வெட்டியது என்று கேட்டால் விடை சொல்ல இனி ஒன்றுமில்லை.

மரம் மாறும், கட்டடம் நிலைக்கும் என்னும் உண்மை தமிழர்க்குப் புதிதன்று. மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததாகப் பெருமிதம் கொள்கின்றான். அவனுக்கு முன் கோயில்கள் அப்பொருள்களாலேயே அமைந்தன என்பது அதனாற் பெறப்படும். மாமல்லபுரத்துத் தேர்கள் கல்லில் வடித்த மரக் கட்டடங்களே என்பதைத் தச்சரும் ஒப்புவர். இவை யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டா.

நமக்கு மிக நெருங்கிய சான்று மயிலையில் உள்ளது. பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாடவீதிகளில் வருகின்றது. பங்குனி உத்திர விழாவைச் சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்திலே குறிப்பதனால் விழாவின் தொன்மை விளங்கும். தேரோ மரத்தாலானது, வெயிலிலும் மழையிலும் நிற்பது, ஆயிரக்கணக்கானோர் வடம்பிடித்து இழுப்பது. சக்கரம் தேயும், சட்டம் பிளக்கும், சிற்பப் பலகை உதிரும். தமிழ்நாட்டுத் தேர்கள் பலவற்றில் மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துவிட்டது. ஆயினும் வடம் பிடிப்போர் அதனைப் புதுத்தேர் என்பதில்லை. ஓடுவதனால் அது பழைய தேராகவே இருக்கின்றது. வழிபடுவோர்க்கு அது போதும். வரலாறு எழுதுவோர்க்குப் போதாது. எந்தப் பலகை எந்த நூற்றாண்டினது என்று அறியாமல் அத்தேரின் சிற்பத்தை வைத்துக் காலம் கணிப்பவர் வழுக்குவது உறுதி.

முழுதும் மரத்தாலாகி இன்றும் நாள்தோறும் வழங்கும் புகைவண்டி நிலையம் ஒன்றை எவ்வாறு சீர்செய்தனர் எனக் காண்பதற்கு யாம் சென்னைக்கு வெளியே செல்ல வேண்டியுள்ளது. சப்பான் நாட்டின் கியூஷூத் தீவில் மோஜிகோ என்னும் துறைமுக நிலையம் இருக்கின்றது. அங்கு முதல் நிலையம் 1891இல் அமைந்தது. இன்று நிற்கும் இரண்டு மாடி மரக் கட்டடம் 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. தோற்றத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் பாணி. உள்ளே எலும்புக்கூடு முழுதும் மரம். கடலுக்கு அப்பால் உள்ள பெருந்தீவிலிருந்து படகில் வந்தோர் இங்கே வண்டி ஏறினர். 1942இல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்ததும் பெருவழி வேறிடம் சென்றுவிட்டது. நிலையத்தின் பெயரும் மாறியது. பெருவழியை இழந்ததே அதற்கு நன்மையாயிற்று என்பது எம் கருத்து. வளர்ச்சியின் நெருக்கடி அங்கே இல்லாமையால் இடிப்பதற்கு ஒருவரும் விரையவில்லை. 1988இல் அந்நாட்டின் சிறப்புமிகு பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பெற்றது. புகைவண்டி நிலையங்களுள் இப்பெருமை முதன்முதல் அதற்கே கிடைத்தது.

2012ஆம் ஆண்டு செப்டம்பரில் பழுதுபார்க்கும் பணி தொடங்கிற்று. கட்டடத்தின் பாதியளவு உறுப்புகளைப் பிரித்தெடுத்து, கெட்டவற்றை நீக்கி, நல்லவற்றை மீண்டும் அதனதன் இடத்திற் பொருத்தும் முறை அது. பயணச்சீட்டும் அலுவலும் அருகே அமைத்த தற்காலிகக் கட்டடத்திற்கு மாறின. மேடையும் பாதையும் நிறுத்தப்பெறவில்லை. நாள்தோறும் வேலைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும் சாரத்தை ஒட்டியே நடந்து வண்டி ஏறினர். 2019ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் முழுக் கட்டடமும் திறக்கப்பெற்றது. ஆறரை ஆண்டு! நம்மூரில் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டால் வழக்கு மன்றம் ஏறியிருப்போம். ஆனால் மரத்தைத் தட்டிப்பார்த்து, தூணின் அடி மட்டும் உளுத்திருந்தால் அடியை மட்டும் அறுத்தெடுத்து, புதுமரத்தைக் கழுந்தும் துளையுமாகக் கோத்து நிறுத்தும் வேலை விரைந்து முடிவதன்று. முழுத் தூணையும் மாற்றுவது எளிது, செலவும் குறையலாம். அறுத்து ஒட்டுவதே அரிது.

இப்பணியிலும் எமக்கு ஓர் ஐயம் உண்டு. கட்டடத்தை 1914ஆம் ஆண்டுத் தோற்றத்திற்கே மீட்பது என்று முடிவு செய்தனர். அதனால் பின்னாளில் முகப்பில் சேர்த்த நிழற்கூரை நீக்கப்பெற்றது; மேற்கூரை தொடக்கக் காலக் கற்பலகை வேய்வுக்குத் திரும்பியது. அழகு மீண்டது என்பதில் மறுப்பில்லை. ஆனால் மழைக்கு அந்நிழற்கூரையின்கீழ் ஒதுங்கி நின்ற தலைமுறைகளின் காலம் கட்டடத்தின் வரலாறு ஆகாதா? பிற்சேர்க்கை என்னும் ஒரே காரணத்தால் ஒன்று நீக்கத்தக்கது ஆகிவிடுமா? சுவடிப் பதிப்பில் இவ்வினாவுக்கு நம் முன்னோர் விடை கண்டனர். இடைச்செருகல் எனத் தெளிந்ததையும் நல்ல பதிப்பாசிரியர் அடியோடு அழிப்பதில்லை. குறிப்பில் வைத்துக் காட்டுவர். பாடவேறுபாட்டைப் பக்கத்தின் அடியில் தருவர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தை வெளியிட்டபோது முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கிடைக்காதது என்றே வைத்தார். அவர் புலமைக்கு இருபது பாட்டு இயற்றுதல் அரிதன்று. புறநானூற்றில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் அவர் பெயரால் நிற்கும் நூல்நிலையத்தில் சுவடிகளையும் பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணாக்கர், அப்புள்ளிகளின் அருமையை உணர்வர். மோஜிகோவின் நிழற்கூரையை நீக்கியவர்கள் அது நின்ற காலத்து ஒளிப்படங்களை விட்டுவைத்தனர். அவ்வளவில் அது குறிப்பில் வைத்த பாடம் எனக் கொள்ளலாம்.

எதிர்ச்சான்று ஒன்றும் கூற வேண்டும். தோக்கியோவில் ஹரஜூக்கு என்னும் மர நிலையம் 1924இல் கட்டப்பெற்றது. 1945ஆம் ஆண்டுப் போர்க்குண்டுகளுக்கும் தப்பியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பக்கத்தில் புதிய நிலையம் திறந்தபின் பழையது வழக்கொழிந்தது, அவ்வாண்டே பிரித்தெடுக்கப்பெற்றது. மரக் கட்டடம் தீத்தடுப்பு விதிக்கு உட்படவில்லை என்பது கூறப்பெற்ற காரணம். தோற்றத்தை மட்டும் தீப்பற்றாப் பொருளால் மீண்டும் அமைப்பதாக அறிவித்தனர். தீ பற்றிய அச்சத்தை எள்ளுதற்கில்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் நின்ற மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் எரிந்து போயிற்று. அந்நிலத்தில் இன்று புறநகர் இரயில் நிலையம் நிற்பதைப் பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்த தலைமுறை மறவாது. எனினும் தோற்றம் மட்டும் போதும் என்பார்க்கு ஒன்று சொல்வோம். பொருள் வேறாகித் தோற்றம் ஒன்றாயின் அது பழைய நூலின் புதுப் பதிப்பன்று, வேறொரு நூலுக்குப் பழைய நூலின் அட்டை இடுவதாகும்.

பின்னை, மாற்றியே ஆகவேண்டிய மரத்தை என் செய்வது? 1999ஆம் ஆண்டு மெக்சிகோவில் கூடிய ஐகோமாஸ் என்னும் உலகத் தொல்லிடப் பேரவை மரக் கட்டடங்களுக்கெனச் சில நெறிகளை வகுத்தது. 2017ஆம் ஆண்டு தில்லியில் கூடியபோது அவற்றைத் திருத்திப் புதுக்கியது. அந்நெறிகளுள் ஒன்று எம் கருத்தை ஈர்த்தது. பழைய மரத்திற்கு மாற்றாக இடும் புதுமரம் இயன்றவரை அதே இனத்ததாகவும் அதே தச்சு முறையில் அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும்; ஆனால் உற்றுநோக்கினால் புதியது என்று பின்னாளில் அறியுமாறு அதில் செதுக்கியோ சூடிட்டோ அடக்கமான குறி ஒன்று வைத்தல் வேண்டும். இதனை மேனாட்டார் அண்மையிற் கண்ட நுட்பம் என்று நம்மவர் கருதலாம். அன்று.

கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமாகிய செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிகாவில் அவ்வாறு புதுக்கியபோது, பழைய கற்களில் இருந்த ஆவணங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். வெட்டியவற்றை மூல ஆவணம் போல நிறுத்திவிடவில்லை. பழங்கற்படி என்னும் குறிப்பும் உடன் வெட்டப்பெற்றது. வாலாஜா சாலைக்கும் காட்பாடிக்கும் இடையே உள்ள திருவல்லத்திலும் பல்லவ நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பழைய மண்டபத்தை இடித்துப் புதிதாக எடுப்பதற்கு முன்னிருந்த எழுத்தின் படி என்று தன்னைத் தானே அறிவிக்கின்றது.

இக்குறிப்பின் பயனைக் கல்வெட்டு ஆய்வாளர் நன்கு அறிவர். கல்வெட்டில் குறித்த அரசன் முற்பட்டவன். எழுத்தின் வடிவமோ பிற்பட்டது. படி என்னும் ஒரு சொல் இல்லையாயின், ஆவணம் போலியோ என்று ஐயுறுவார் ஒருசாரார்; பிற்கால எழுத்தை முற்காலத்ததாக எண்ணி எழுத்து வளர்ச்சியையே பிறழக் கணிப்பார் மற்றொருசாரார். அச்சொல் இருத்தலால் இரு காலமும் பிரிந்து நின்று தத்தம் சான்றைத் தருகின்றன. புதுமரத்தில் இடும் குறியும் இதுவே. தச்சன் கையொப்பம் இடுவதன்று அது. அதற்கு முன்னிருந்த மரத்திற்கு உரிய இடத்தைக் காப்பது.

மயிலைத் தேர்க்கும் இராயபுரத்து உத்திரத்திற்கும் எழும்பூர்ச் சாளரத்திற்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். பெருஞ்செலவு வேண்டுவதன்று. கழற்றும் ஒவ்வொரு பெரிய மரத்திற்கும் ஓர் எண். அது நின்ற இடம், மரத்தின் இனம், நீளம், அகலம், கெட்ட பகுதி, கெட்டமைக்குக் காரணம். மாற்றாக வைத்ததன் மறைவான பக்கத்தில் ஆண்டு. இவற்றைத் தமிழில் எழுதிய பதிவேடு ஒன்று நிலையத்திலேயே இருத்தல் வேண்டும். தச்சரும் கொத்தரும் வழங்கும் சொற்களும் அதனுடன் பதிவாகும். உத்திரம், விட்டம், கைமரம், கழுந்து, காடி முதலாயவை அகராதியில் உள. எந்தச் சொல் எந்த உறுப்பை எவ்வளவு நுட்பமாகச் சுட்டுகின்றது என்பது வேலைத்தலத்தில்தான் தெரியும். இப்பகுதிக்கேனும் தமிழ்த்துறை மாணாக்கர் சாரத்தருகே சென்று நிற்கலாம் என்பது எம் வேண்டுகோள்.

நாள்தோறும் வழங்குதல் கட்டடத்திற்குக் கேடு என்பாரும் உளர். யாம் அவ்வாறு எண்ணவில்லை. மூடிக்கிடக்கும் கட்டடத்தில் ஒழுக்கு நேர்ந்தால் காண்பவர் இல்லை. மக்கள் நிற்கும் கட்டடத்தில் முதல் துளி எவர் தலையிலேனும் விழும். பழக்கமும் ஒரு காவலே. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931ஆம் ஆண்டே மின்வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆயினும் அப்பாதையில் உள்ள மாம்பலத்திற்குப் புகைவண்டி நிலையம் என்னும் பெயர் நீங்கவில்லை. மின்வண்டி வந்து தொண்ணூறு ஆண்டுக்கு மேலாயிற்று. இச்சொல்லுக்கு மட்டும் பழங்கற்படி என்று குறிப்பெழுத வேண்டுவதில்லை. புகை கண்டறியாத சிறுவரும் அதன் பொருளை வழுவாது அறிகின்றனர். உத்திரத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. எழும்பூரில் மறுசீரமைப்புப் பணியின்போது கழற்றப்பெற்ற கதவும் சட்டமும் எவையெவை என்பதைக் கைவேலை செய்தோர் நினைவில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர்கள் அடுத்த வேலைக்கு வேற்றூர் செல்லும்வரை அதற்குக் காலம் உண்டு.